ஊதாப்படையின் கடைசிப் பிரம்மச்சாரி

"தாயை இழந்தால் ஒரு வீடு இருளும், தன் அணியை இழந்தால் ஓர் ஊரே அநாதையாகும்!" என்று ரசிகர் மன்றத் தலைவர் இரங்கல் கூட்டத்தில் முழங்கியபோது, அவரைப் பெற்ற தாய் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்குக் காது மந்தம். மகன் ஏதோ நல்லதாகச் சொல்கிறான் என்று நினைத்து எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார்.

கூட்டம் நடந்தது மைதானத்தின் பூட்டிய வாசலில். மேடை என்பது தலைவருடைய டைல்ஸ் கடை லாரி. பின்பக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஆனால் கடையின் பெயரும் போன் நம்பரும் மட்டும் துணிக்கு மேலே தெரியும்படி கட்டியிருந்தார்கள். துக்கம் துக்கம்தான், அதற்காகக் கடையை மூட முடியுமா?

நடந்தது இதுதான். மூன்று தலைமுறையாக இந்த ஊரின் கால்பந்து அணியாக இருந்த ஊதாப்படையை அதன் முதலாளி, ஒரு பெயின்ட் கம்பெனிக்காரர், ஓடுகிற கடையைக் கைமாற்றுவது போல வேறொரு பெரிய நகரத்துக்கு விற்றுவிட்டார். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், பெயர், சட்டை நிறம், பஸ், மருந்துப் பெட்டி என எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஊருக்கு யாரும் சொல்லவில்லை. வெளியூர் ஆட்டத்துக்குப் போன பஸ் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அணி தோற்றுவிட்டு வந்தால் திட்டவும், ஜெயித்துவிட்டு வந்தால் தூக்கிச் சுமக்கவும் ஒரே கூட்டம்தான் எப்போதும் முக்குரோட்டில் நிற்கும். அன்றும் நின்றது. திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

லாரி மேடையில் நான்கு நாற்காலிகள். ஒன்று தலைவருக்கு. ஒன்று டிரைவிங் ஸ்கூல் நடத்தும் செயலாளருக்கு. ஒன்று அந்தக் காலத்து கோல்கீப்பருக்கு; இப்போது அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நான்காவதில் உட்கார்ந்திருந்தவரை ஊரே 'சபதம்' என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பெயர் அவர் அக்காவுக்கும் பேங்குக்கும் மட்டும் தெரியும்.

சபதத்தின் முகம் எல்லோரையும்விடத் துக்கமாக இருந்தது. அதற்கு அவர் ரொம்பவும் பாடுபட வேண்டியிருந்தது. ஏனென்றால் ஊதாப்படை போனதில் அந்த ஊரிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

காரணம் பழையது. ஊதாப்படை தன் சரித்திரத்தில் ஒரே ஒருமுறை கோப்பையின் இறுதியாட்டம் வரை போய், பெனால்டியில் தோற்றது. அன்று சாயங்காலம் முக்குரோட்டில் ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்த ஓர் இளைஞன் மைக்கைப் பிடுங்கி, "நம்ம பசங்க கோப்பையைத் தூக்குற வரைக்கும் எனக்குக் கல்யாணம் கிடையாது!" என்று கத்தினான். அவனுக்கு அப்போது பெண் கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. இல்லாத பெண்ணை வேண்டாம் என்று சொல்ல என்ன செலவு? தவிர, அடுத்த வருஷமே கோப்பை வந்துவிடும் என்று அவனும் நம்பினான், ஊரும் நம்பியது. ஊதாப்படையோ அதற்குப் பிறகு அரையிறுதியின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

இளைஞன் 'சபதம்' ஆனான். 'அவன்' போய் 'அவர்' வந்தது. காதோரம் நரையும் வந்தது. டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். மைதானத்தில் நடுக்கோட்டுக்கு நேரே அவருக்கென்று ஓர் இருக்கை. எந்த மேடையானாலும் ஒரு நாற்காலி, கடைசியில் இரண்டு வார்த்தை. ஒரு மனிதன் எதையும் செய்யாமலேயே இவ்வளவு மரியாதை சம்பாதிப்பது சாதாரண விஷயமில்லை. அவர் செய்யாமல் இருந்தது ஒரே ஒரு காரியம்தான்.

நடுவில் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் பல் ஆஸ்பத்திரி வந்தது. அதில் ஒரு நர்ஸ் வந்தாள். காலையில் நோயாளிகளின் முதல் கூட்டம் முடிந்ததும் அவள் மாடிப்படியில் பாதி இறங்கி வருவாள். இவர் அரவை மிஷினை நிறுத்திவிட்டுப் பாதி ஏறுவார். நடுப்படியில் இரண்டு டீ. வருஷங்கள் ஓடியும் அந்த 'நீங்க' 'நீ' ஆகவில்லை. ஆனால் அவர் டீயில் சர்க்கரை குறைந்தால் அவளுக்குத் தெரியும், அவளுக்கு இடுப்பு வலித்தால் அவள் படியில் உட்காருகிற விதத்திலேயே இவருக்குத் தெரியும். கால்பந்து என்றால் உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர ஒன்றும் அறியாமல் வந்தவள், காலையில் பேப்பர் வந்ததும் முதலில் புள்ளிப் பட்டியலைத்தான் பார்ப்பாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அந்த ஊரில் ஒழுங்காகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். அவளுக்குத்தானே அதனால் ஆக வேண்டிய காரியம் இருந்தது.

அணி விற்றுப்போன செய்தி வந்த அன்று கண்ணாடிக் கடை முதலாளி கல்லாவில் தலை சாய்த்து அழுதார். சபதமும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உள்ளே மட்டும் யாரோ விளக்குப் போட்டதுபோல இருந்தது. டீக்கு நேரமாகும் முன்பே படியேறினார்.

நர்ஸ் கையுறையைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தாள்.

"இப்போ?" என்றாள்.

"இப்போ என்ன, அணியே இல்லை. இல்லாத அணி எப்படிக் கோப்பை வாங்கும்? சபதம் தானாவே கழண்டுடுச்சு."

"அப்போ அதை ஊர்ல சொல்லிடுங்க."

"சொல்றேன். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துல."

"மைக்லயா?"

"மைக்ல போட்டதை மைக்லதானே எடுக்கணும்?"

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். சொத்தைப் பல் எது, வெறும் கறை எது என்று பார்த்துப் பழகிய பார்வை.

"எங்க அண்ணன் ஒரு இடம் பார்த்து வச்சிருக்கார். எடைமேடையில வேலை, லாரி எடை போடுறவர். மனைவி தவறிட்டாங்க. திங்கட்கிழமை நான் பதில் சொல்லணும்."

"வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நீங்க ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்க. நான் திங்கட்கிழமை சொல்றேன்" என்றாள்.

இப்படித்தான் சபதம் அந்த லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கடைசி வரிசையில், மடியில் கைப்பையோடு. ஓய்வுபெற்ற வரி அதிகாரி ஒருவர் தானே எழுதிய இரங்கல் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். 'ஊதா'வுக்கு எதுகையாக 'சூதா', 'வாதா', 'தீதா' எல்லாம் தீர்ந்துபோய் மனிதர் தவித்துக்கொண்டிருந்த இடைவெளியில் சபதம் தலைவர் பக்கம் சாய்ந்தார்.

"தலைவரே, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லத்தானே கூப்பிட்டிருக்கோம். அழுதுகிட்டே சொல்லு, எடுபடும்."

"அது இல்ல. சபதத்தை இத்தோட முடிச்சுக்கலாம்னு..."

தலைவர் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தார். முகம் காய்ந்துதான் இருந்தது. "என்னத்த முடிக்கிற?"

"அணியே இல்லையே, தலைவரே."

செயலாளர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏன்யா, வண்டியை வித்துட்டா லைசென்ஸ் செல்லாதா?"

"அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று இழுத்தார் பழைய கோல்கீப்பர்.

"நீ வாயைத் திறக்காதே" என்றார் தலைவர். "அன்னைக்கு நீ அந்தப் பந்தை ஒழுங்கா பிடிச்சிருந்தா இவனுக்கு இப்போ காலேஜ் போற பொண்ணு இருந்திருக்கும்."

கோல்கீப்பர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். அதுவரை இல்லாத ஏதோ ஒன்று அந்தக் குரலில் இருந்தது, உண்மையாகவும் இருக்கலாம். "இங்க பாரு தம்பி. பஸ்ஸைக் கொண்டு போயிட்டான். சட்டையைக் கொண்டு போயிட்டான். மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுட்டான். கோப்பை வைக்கறதுக்குன்னு மன்றத்துல ஒரு அலமாரி இருந்துச்சே, காலி அலமாரி, அதைக்கூட ஆள் வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டான். நம்மகிட்ட மிச்சம் நீ ஒருத்தன்தான்டா. நீயும் போயிட்டா, இந்த ஊருக்குன்னு ஒரு அணி இருந்துச்சுன்னு நாளைக்கு நான் எதைக் காட்டுவேன்?"

"என்னைக் காட்டியா, தலைவரே?"

"பின்ன டைல்ஸைக் காட்டச் சொல்றியா?"

பாட்டு முடிந்தது. மைக் கைமாறி வந்தது.

சபதம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். "அன்பான ஊர் மக்களே. அணி போயிடுச்சு. அது போனதோட..." என்றார். அடுத்த வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் கறிக்கடைக்காரர் ஊதாத் துண்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். ஆறடி ஆள். கத்தி தவறிக் கட்டைவிரலில் பாதி போனபோதுகூட முகம் சுளிக்காதவர். அவரைப் பார்த்து அவர் பக்கத்தில் இருந்தவர் அழ, அவரைப் பார்த்து அந்த வரிசையே அழ, எங்கிருந்தோ ஒரு குரல், "அழாதீங்கடா! சபதம் இருக்கு!" என்றது. "சபதம் இருக்கு! சபதம் இருக்கு!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது.

மைக் கையில் சூடாக இருந்தது. சிலருக்குக் கள், சிலருக்குச் சீட்டு, சபதத்துக்கு இது. அவருக்குள் லென்ஸ் அரைக்கிற ஒரு சாது உண்டு. அந்த ஆள் பேசாமல் எழுந்து ஓரமாகப் போய்விட்டான்.

"அணி போகலாம்!" என்றார். "ஆனா நான் போக மாட்டேன்! ஊதாப்படை திரும்பி இதே ஊருக்கு, இதே வாசலுக்கு வர்ற வரைக்கும், கல்யாணம்ங்கிற பேச்சுக்கே என் வாழ்க்கையில இடம் கிடையாது!"

லாரி அதிர்ந்தது. தலைவர் கட்டிப்பிடித்தார். செயலாளர் கட்டிப்பிடித்தார். பழைய சபதத்திலாவது கோப்பை என்று ஒரு கதவு இருந்தது. புதியதற்கு ஜன்னல்கூடக் கிடையாது என்பது, தலைவரின் தோளுக்கு மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. நர்ஸும் கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தட்டும்போது ஒரு மரியாதைக்குத் தட்டுவார்களே, அப்படி.

சூட்டோடு சூடாகத் தலைவர் ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றினார். துரோகம் செய்த அணியின் ஆட்டத்தை இந்த ஊரில் இனி யாரும் டிவியில் பார்ப்பதில்லை. கை தூக்கச் சொன்னதும் அத்தனை கைகளும் உயர்ந்தன. தலைவரின் தாய் இரண்டு கையையும் தூக்கினார்.

திங்கட்கிழமை நர்ஸ் வழக்கம்போலப் பாதிப்படி இறங்கி வந்தாள். டீயையும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லாப் பேசினீங்க" என்றாள்.

"நீங்களே பார்த்தீங்கல்ல, கூட்டம் எப்படி அழுதுதுன்னு? அந்த நேரத்துல நான் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

அவர் டீயை ஊதினார். அது ஏற்கனவே ஆறியிருந்தது.

"கொஞ்ச நாள் போகட்டும். ஊர் மறந்துடும். அப்புறம் நானே மெதுவா..."

"அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்; அதில் அவர் கெட்டிக்காரர். "காலையில பேப்பர் வந்துச்சு. புள்ளிப் பட்டியலைப் பார்க்காம முதல் பக்கத்துலேருந்து படிச்சேன். என்னென்னமோ நடக்குது உலகத்துல." டம்ளரைப் படியில் வைத்தாள். "கல்யாணப் பதிவுல சாட்சிக் கையெழுத்துக்கு ரெண்டு பேர் வேணுமாம். ஒருத்தர் மாப்பிள்ளையோட முதலாளி. இன்னொருத்தர் நீங்க."

"நானா?"

"இத்தனை வருஷமா எனக்கு வேற யாரைத் தெரியும்?"

சந்தோஷப்பட்டு முடித்த பிறகுதான் சபதத்துக்குத் துக்கம் வந்தது. ஊர் அதற்குள் பாதி அழுது முடித்திருந்ததால், மீதியில் அவர் தனியாகச் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கால்கள் தாமாகவே மைதானத்துக்குப் போகும். போனால் அங்கே இருபது முப்பது ஆண்கள் பூட்டிய வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். இரும்புக் கதவின் இடுக்கில் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கோல் கம்பங்களைப் பிடுங்கின இடத்தில் பக்கத்துக்கு இரண்டு குழிகள், அவற்றில் தண்ணீர். நடுக்கோட்டுக்கு நேரே இருந்த அந்த இருக்கையில் ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் எதையும் எதிர்பார்க்கிற மாதிரி தெரியவில்லை.

"வீட்ல உட்கார்ந்தா சண்டை வருதுப்பா" என்றார் கறிக்கடைக்காரர். "இருபத்தஞ்சு வருஷமா ஞாயிற்றுக்கிழமை நான் வீட்ல இருந்ததே இல்ல. என் பொண்டாட்டி என்னைப் பார்த்து, 'என்ன, உடம்பு சரியில்லையா'ங்கறா. பேச விஷயமே இல்ல எங்களுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பத்து பேருக்காவது அது தங்கள் வீட்டுக் கதையாக இருந்தது. டீக்கடைக்காரர் எந்த நேரத்துக்குப் பால் காய்ச்சுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் திண்டாடிவிட்டு, மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டார். இருபது முப்பது பேர் பத்தானார்கள். பத்து நாலானது. மன்றத்து அறையை ஒரு ஃபோட்டோக்காரர் வாடகைக்கு எடுத்து, பாஸ்போர்ட் படம் எடுக்க ஆரம்பித்தார். தலைவர், விற்காமல் தேங்கிக் கிடந்த ஊதா டைல்ஸை நினைவுச் சின்னம் என்று சொல்லி விற்றுப் பார்த்தார். கழிவறைக்கு மட்டும் கொஞ்சம் போனது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஊதாப்படை ஜெயிக்க ஆரம்பித்ததுதான். இங்கே இருந்தபோது நொண்டியடித்த கால்கள் அங்கே போனதும் மானாகத் துள்ளின. யாரும்தான் டிவி பார்ப்பதில்லையே. ஆனாலும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "மூணு கோலாமே... யாரோ சொன்னாங்க" என்பார் ஒருவர். "மூணாவது இடது காலால அடிச்சதாமே, எனக்கும் யாரோ சொன்னாங்க" என்பார் மற்றவர். ஆட்ட நேரத்தில் தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தியிருக்கும். கோல் விழும்போது வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும்.

சபதம் தன் அக்கா வீட்டு மாடி அறையில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். ஒருநாள் அக்கா காபியோடு கதவைத் திறந்தாள். அவர் பாய்ந்து டிவியை அணைத்தார்.

"அணைக்காதே, கண்ணுக்குக் கெடுதல். திடீர்னு இருட்டாயிடும்" என்றாள் அக்கா. "ஏண்டா, அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போடப் போறியாமே?"

"ஆமாக்கா."

"ஊரே உன்னைத் தியாகிங்குது. உன் கூடப் பிறந்தவ நான் சொல்றேன், நீ வெறும் சோம்பேறிடா. துணி காயப்போடச் சொன்னாலே ரெண்டு நாள் தள்ளுவே. இப்பவும் ஒண்ணும் முழுகிப் போயிடலை, நேரா போய் அவகிட்ட ஒரு வார்த்தை கேளு."

"ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர்? ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருமுதே, அதுவா?"

அவர் போகலாம் என்றுதான் நினைத்தார். அந்த வாரம் கடையில் வேலை அதிகம். அடுத்த வாரம் நர்ஸ் லீவில் போய்விட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் கோப்பையின் இறுதியாட்டம். ஊதாப்படை அதில் ஆடியது. எடைமேடைக்காரருக்குக் கால்பந்தில் அக்கறை கிடையாது. மண்டபம் அன்றைக்குத்தான் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது, வைத்துவிட்டார்.

சபதம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். கையெழுத்துக்கென்று ஒரு நல்ல பேனா வாங்கிச் சட்டைப் பையில் குத்தியிருந்தார். முதல் வரிசையில் இடம். மேடையில் மேஜை, அதன்மேல் பதிவுப் புத்தகம். நர்ஸ் வெளிர் மஞ்சள் உடுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சையில் மட்டுமே பார்த்துப் பழகியதால், அவளை ஒரு நொடி அடையாளம் தெரியாமல் வேறு யாரோ என்று நினைத்து, நல்ல லட்சணமான பெண் என்றும் நினைத்துவிட்டார். மாப்பிள்ளை சட்டைக் காலரை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பள்ளிக்கூடம் போகிற மகள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, விடுகிற மாதிரி இல்லை. சபதத்தைப் பார்த்ததும் நர்ஸ் லேசாகத் தலையசைத்தாள். 'வந்துட்டீங்களே' என்பதுபோல. அதற்கு மேலும் அதில் ஏதாவது இருந்ததா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு இன்னமும் ஒரு நிமிஷம் இருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த அதிகாரி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். எழுந்து மேடைக்குப் போனால் நாலே அடி. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது வேறு விஷயம். எழுந்து போவது என்று அவர் முடிவு செய்தார். அது சத்தியமாக உண்மை. கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

அப்போது மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பத்து இருபது ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற "ஆ...!" கோல் விழுந்தால் எழும் சத்தம் வேறு, பந்து கோல்கீப்பர் கைக்குப் போனால் எழும் சத்தம் வேறு. இது கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எழுகிற சத்தம். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"ஒரு நிமிஷம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்தவர் மேடைப்பக்கம் போகவில்லை.

சமையலறைக்கு வெளியே எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்த சமையல்காரரின் மொபைலைச் சுற்றி, கல்யாணத்துக்கு வந்திருந்த ஊரே நின்றது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வந்த கறிக்கடைக்காரர், போன் பேச வந்த செயலாளர், காற்று வாங்க வந்த தலைவர், காரணமே சொல்லாமல் வந்த பழைய கோல்கீப்பர். யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொள்ளவில்லை. சபதத்துக்கு வழிவிட்டு முன்னால் நிற்க வைத்தார்கள். அந்த மரியாதை மட்டும் இன்னும் போகவில்லை.

ஆட்டம் சமன். முடிய ஏதோ கொஞ்சம்தான் பாக்கி. உள்ளே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். "சாட்சி... சாட்சி எங்கே?" என்பதுபோலக் கேட்டது. இதோ போகலாம் என்று அவர் நினைத்தபோது வலதுபுறமிருந்து பந்து உயர்ந்து வந்தது. ஊதாச் சட்டை ஒன்று எழும்பியது. வலை குலுங்கியது.

முதலில் கத்தியது சபதம்தான். மற்றவர்கள் பிறகு கத்தினார்கள். சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுக் கறிக்கடைக்காரரைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள். அந்தத் தூரத்து நகரத்தில் காகிதத் துண்டுகள் பறந்தன. இவர்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு லட்சம் பேர் ஊதா உடுத்தி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் இங்கே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறத்தியார் வீட்டு விசேஷத்தில் நுழைந்துவிட்டது போல எல்லோரும் கையைக் கீழே போட்டார்கள். பழைய கோல்கீப்பர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

தலைவருக்குத்தான் அது திடீரென்று நினைவுக்கு வந்தது. "டேய் சபதம்! கோப்பை வாங்கியாச்சுடா! உன் சபதம் ஜெயிச்சுடுச்சு! இனிமே நீ தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்!"

"ரெண்டாவதா ஒண்ணு போட்டாரே" என்றார் செயலாளர். "லாரியில."

"அது மேடைப் பேச்சுய்யா. அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா?" என்றார் தலைவர்.

கதவோரம் நர்ஸின் அண்ணன் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

"உங்களை எங்கெல்லாம் தேடறது? அதிகாரிக்கு வேற இடத்துக்குப் போகணுமாம், அவசரப்படுத்தினார். கடைசியில மண்டபத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிட்டோம். முடிஞ்சுடுச்சு. தங்கச்சி சொல்லச் சொன்னா. சாப்பிடாம போயிடாதீங்களாம். உங்க பக்கத்துல உட்கார அவரும் வருவாராம், மாப்பிள்ளை. உள்ள வாங்க."

சபதம் சட்டைப் பையைத் தொட்டார். பேனா இருந்தது. "இதோ வரேன்" என்றார். அண்ணன் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மொபைலில் அந்த கோலை மறுபடியும், இந்த முறை மெதுவாக, காட்ட ஆரம்பித்தார்கள். சபதம் அதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.